மேற்கு ஜன்னலில் இரண்டு குழாய்கள்

எல்லைச் சண்டை நடந்த வருஷங்களில் எங்கள் பாறசாலைப் பக்கத்து ஆட்கள் ஒலிபெருக்கிக் குழாயின் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்றுதான் முதலில் கவனிப்பார்கள். பேச்சு அப்புறம்தான். திருப்புறத்தில் சபைக் கூட்டத்துக்கும் பூவாரில் கோயில் திருவிழாவுக்கும் தென்னையில் ஏறிக் குழாய் கட்டியவன் நான். முன்பெல்லாம், "எங்க வீட்டுப் பக்கமும் கொஞ்சம் திருப்பி வையும்" என்று கேட்டு வருவார்கள். இந்தத் தாலூகா தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா, இப்படியே மலையாள நாட்டில் இருக்க வேண்டுமா என்ற வழக்கு முற்றியதும் எல்லாம் மாறிவிட்டது. வேண்டாதவன் வீட்டைப் பார்த்துக் குழாயைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் கூட்டமே தொடங்கினார்கள். அது அவன் வாசலில் போய் நின்று ஏசுவதற்குச் சமம்.

இரண்டு கட்சிக்காரர்களும் என்னைக் கூப்பிட்டார்கள், இரண்டு கட்சிக்காரர்களும் என்னைச் சந்தேகப்பட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கூட்டங்களுக்குத் தடை வந்தபோது எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. குழாய்களை இறக்கி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். உடம்பு அவ்வளவு அலுத்திருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டவன், ஒரு நாளும் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாகக் கேட்டதில்லை. முன்னறையில் ரேடியோவை வைத்து, ஆம்ப்ளிஃபயரைப் பேட்டரியில் கொடுத்து, இரண்டு குழாய்களையும் இணைத்தேன். பத்தடி அறையில் அந்தச் சத்தம் காதைப் பிய்த்தது. எதிரெதிராக வைத்தால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அலமாரி மேல் ஏற்றினால் ஓடு அதிர்ந்தது. சுவரில் பாய் தொங்கவிட்டுப் பார்த்தேன். "வீட்டுல மனுசங்க இருக்கணுமா வேண்டாமா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள். கடைசியில் மேற்கு ஜன்னலில் இரண்டையும் வைத்து, வாயை வெளியே நீட்டிவிட்டேன். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சத்தம் இதமாக இருந்தது. சாயங்காலத்தில் தமிழ்ச் செய்தியும் பாட்டும் கேட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தேன்.

அந்த ஜன்னலுக்கு நேரே, வயலுக்கு அக்கரையில், தங்கையைக் கட்டிக் கொடுத்த வீடு. அவர்கள் மலையாளக் கட்சி. குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் போகும் சத்தம் தெரியாது. இதை ஊரில் எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். முந்தின வருஷம் வயிற்றில் வந்தது ஐந்தாம் மாதமே கலைந்துபோனது. இந்தப் பிரசவம் தன் கண் முன்னால் நடக்க வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு நினைப்பே கிடையாது. வழக்கப்படி முந்திரிக்கொத்தும் முறுக்கும் சுட்டு, ஓலைப்பெட்டியில் நிறைத்துக்கொண்டு, பெண்ணைக் கூட்டிவர நானும் அம்மாவும் போனோம். பலகாரத்தை வாங்கி வைத்தார்கள். காப்பி கொடுத்தார்கள். பெண்ணை அனுப்பவில்லை. "இப்ப யாத்திரை வேண்டாம்" என்றாள் மாமியார். தங்கை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அவள் புருஷன் வரப்பு வரை கூட வந்தான். "அளியா, எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் கோளாம்பிக் கொழாய எங்க வீட்டப் பாத்து வச்சிருக்கியளே, அதாக்கும் அம்மைக்குப் பெணக்கம். தெனமும் சாயங்காலம் எங்களத் திட்டுகது போலத்தான் இருக்கு" என்றான்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் வீடு, என் ஜன்னல், என் ரேடியோ. வரப்பில் நடக்கும்போது அம்மா அழுதாள். கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் குழாய்களை ஜன்னலிலிருந்து எடுத்தேன். கிழக்கு மூலையில், வாய் சுவரைப் பார்க்க, சாண் இடைவெளி விட்டு வைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், இத்தனை நாள் தேடியது அங்கேதான் இருந்தது. சத்தம் சுவரில் பட்டு, கூர் மழுங்கி, அறை முழுக்கப் பரவியது. பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. எனக்குத்தான் அதில் மனம் ஒட்டவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு மாலையில் அவள் புருஷனே அவளைக் கொண்டு வந்து விட்டான். அம்மா அவள் கன்னத்தையும் வயிற்றையும் மாறி மாறித் தடவினாள். நான் பெரிய காரியம் செய்து முடித்தவன் மாதிரி ரேடியோவைப் போட்டேன். தங்கை முன்னறைக்கு வந்து, மூலையில் இருந்த குழாய்களைப் பார்த்தாள்.

"இத எப்பம் இங்க மாத்தின?"

"நாங்க உன்ன விளிக்க வந்துட்டுத் திரும்பின அண்ணைக்கு."

அவள் தரையில் மெல்ல உட்கார்ந்தாள். "அங்க கெணத்தங்கரையில நிண்ணா நல்லாக் கேக்கும். தெனமும் தண்ணி கோரப் போற சாக்குல நிண்ணு கேப்பேன். நீங்க வந்துட்டுப் போன அண்ணையோட நிண்ணு போச்சு. எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல்ல. அண்ணனும் என்ன வேண்டாம்னு வச்சிட்டுதுன்னுதான் நெனச்சேன்."

நான் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன். வரப்பில் நடந்தபோதும், குழாயைத் தூக்கிச் சுவரைப் பார்த்து வைத்தபோதும், அக்கரை வீட்டில் ஒரு மாமியாரும் அவளுடைய பிணக்கமும் இருப்பதாகத்தான் எண்ணியிருந்தேன். கேட்டுக்கொண்டிருக்க அங்கே என் தங்கையும் இருந்தாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.