கழற்றி வைத்த வேகமானி

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நான் பிடித்ததாகச் சொல்லும் மீன்கள் சொல்லச் சொல்ல நீளும் என்பது எங்கள் காஜா பெராங் ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். பத்து பெரெண்டாம் ஊர் விமானத் திடலின் கொசுக்கள் எங்கள் விமானத்தைவிடச் சுத்தமாகத் தரையிறங்கும் என்று இன்றைக்கும் அடித்துப் பேசுவேன். ஆனால் இந்தக் கதையில் நான் ஒரு அங்குலம்கூட நீட்டவில்லை. நீட்ட வேண்டிய தேவையே இல்லை.

1957 ஜூலை. மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் பெறும் நாளுக்கு, ஒரு மாதம் இருந்தது. விமானத் திடலில் ஒரு சின்னப் பறக்கும் கிளப். அதில் நான் மெக்கானிக். கிளப்புக்குச் சொந்தமாக ஒரே ஒரு டைகர் மோத் விமானம். இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடம்பு. வயதில் என்னைவிட இளையது, இருமலில் என் பாட்டனுக்கு மூத்தது.

அதை ஓட்டியவன் சங்கரன். கம்போங் செட்டிக் கிராமத்துப் பையன், ரப்பர் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. செட்டிகள் பல தலைமுறைக்கு முன்னால் இங்கே குடியேறிய தமிழர்கள்; வீட்டில் பேசுவது மலாய். என்னிடம் பாதித் தமிழில் பேசுவான். மெர்டேக்கா அன்று ஊருக்கு மேலே பறந்து பூத்தூவப் போவது அவன்தான். அவன் அம்மா சாரதாம்பாள் அதை ரோட்டில் போகிற ஆட்டைக்கூட நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் விமானத்திலிருந்து குதித்ததும் கத்தினான்.

"அப்பாசாமி அண்ணே, இந்த மீட்டர் கீலா லா!"

வேகமானிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாம்.

"என்னடா ஆச்சு?"

"நின்ன இடத்துல நாப்பது மைல் காட்டுது!"

"நீ வந்த வேகம் அதுக்கு இன்னும் அடங்கலடா."

"வெளையாடாதீங்கண்ணே. நான் மெதுவா எறங்குறப்ப இது வேகமா போறேன்னு பொய் சொன்னா, பொத்துனு விழுவேன். அம்மா உங்களத்தான் வந்து பிடிப்பா."

சிரித்தான். ஆனால் சொன்னது சரி. வேகம் குறைந்தால் விமானம் கல். அந்த முள் ஒன்றுதான் அவன் உயிர்.

இறக்கையில் ஒரு சின்னக் குழாய் முன்பக்கம் பார்த்து நிற்கும். எதிர்காற்று அதற்குள் புகும். காற்று ரப்பர் குழாய் வழியாக வந்து வேகமானிக்குள் இருக்கும் மெல்லிய பித்தளைப் பையை ஊதும். பை உப்பினால் முள் ஏறும். அவ்வளவுதான் வித்தை.

குழாயில் குளவி கூடு கட்டியிருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. ரப்பரில் மழைத்தண்ணீர்? இல்லை. வெடிப்பு? தண்ணீர் ஊற்றிய அளவுக் குழாயை மாட்டிச் சோதித்தேன், ஒரு பொட்டுக் காற்றும் கசியவில்லை. முள் மட்டும் இறங்க மறுத்தது.

எங்கள் கிளப் தலைவர் பொன்னுதுரை எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்னடாப்பா, அதோட குடும்பமே நடத்துறாய்? புதுசைப் பூட்டிவிடு. பழசோட நீ பிறகு மாரடி."

புதியதை மாட்டினேன். ஒழுங்காகப் பூஜ்யத்தில் நின்றது.

மறுநாள் காலை சங்கரன் அதைச் சோதிக்கக் கிளம்பினான். கிளேபாங் கடற்கரைப் பக்கம் திரும்பினான்.

திரும்பி வரவில்லை.

விமானம் தூரத்தில் கடலில் விழுந்ததைப் பார்த்ததாக மீனவர்கள் சொன்னார்கள். படகுகள் போயின. ஒரு துண்டுத் துணிகூடக் கிடைக்கவில்லை.

அன்று சென்ஜா நேரம். வெளிச்சம் சாகிற நேரம். கொட்டகையில் நான் தனியாக இருந்தேன். பழைய வேகமானி மேசைமேல் கிடந்தது.

டிக்.

திரும்பிப் பார்த்தேன்.

முள் ஏறியது. நாற்பது. இறங்கியது. மறுபடி நாற்பது. மறுபடி இறக்கம்.

அதோடு எந்தக் குழாயும் இணைந்திருக்கவில்லை. கதவு சாத்தியிருந்தது. காற்று இல்லை.

பின்னால் இருந்த இரண்டு துளைகளையும் ரப்பர் வைத்து அடைத்தேன். முள் நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். பித்தளைப் பை தானாக உப்பியது... தானாகச் சுருங்கியது... உப்பியது...

பொன்னுதுரையைக் கூப்பிட்டேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"ஸ்பிரிங் களைச்சுப் போச்சு," என்றார்.

ஆனால் மேசைக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்.

மறுநாளும் முள் ஆடியது. முப்பதைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் இருபது. இடையில் நீண்ட நேரம் நிற்கும். நின்றுவிட்டது என்று நினைப்பேன்.

டிக்.

மூன்றாம் நாள் படகுகள் தேடலை விட்டன. அன்று சாயங்காலம்தான் கம்போங் செட்டியில் பழக்காலப் பார்ச்சு. செத்துப்போன முன்னோருக்குப் படைக்கும் நாள். வாழை இலைகளில் சோறு, கறி, துரியான், மங்குஸ்தான். சாம்பிராணி போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். போனவர்கள் உள்ளே வந்து சாப்பிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அதற்கு முன்னால் திறக்கக் கூடாது.

அந்த வருஷம் சாரதாம்பாள் ஒரு இலை அதிகம் போட்டாள்.

"அந்த மீட்டரைத் தாயிட்டயே குடுத்துவிடு," என்று பொன்னுதுரை அனுப்பியிருந்தார். "அவன் தொட்ட சாமான் வேற என்ன இருக்குது?" கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன்.

மகன் பெயரை அவள் மூன்று முறை கூப்பிட்டாள். வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். கதவில் நெற்றியைச் சாய்த்து நின்றாள்.

நாங்கள் வாசலில் நின்றோம்.

என் கையில்... கைக்குட்டைக்குள்ளே... டிக்.

டிக். டிக். டிக்.

விரித்துப் பார்த்தேன்.

முள் வேகமாக ஏறி இறங்கியது. இருபது. நாற்பது. அறுபது. ஓடி வருகிறவன் மூச்சு மாதிரி.

அப்போதுதான் புரிந்தது. மூன்று நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்தது என்னவென்று.



முள் ஒரே ஏற்றமாக ஏறியது. நூறு. நூற்றிருபது.

நின்றது.

மெல்ல... மெல்ல இறங்கியது.

பூஜ்யம்.

எதிர்வீட்டு வானொலியில் ஏழு மணிச் செய்தி தொடங்கியது.

அந்த முள் அதன்பின் அசையவே இல்லை.

மறுநாள் காலை நண்டு பிடிக்கிறவர்கள் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். கடலில் இல்லை. கிளேபாங்குக்கு அப்பால், ஆற்று முகத்தில், பாக்காவ் என்கிற சதுப்பு மரக்காட்டுக்குள் தலைகீழாகக் கிடந்தது. சங்கரன் உள்ளே இருந்தான். கால்கள் மாட்டிக்கொண்டிருந்தன.

உடலை வாங்க ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"விழுந்ததுல சாகல. காயம் பெருசா இல்ல. நேத்து பொழுது சாயுற வரைக்கும் உயிர் இருந்திருக்கு." கையிலிருந்த தாளை மடித்தார். "மூணு நாள் தண்ணியில்லாம."

சாரதாம்பாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மலாயில் கேட்டாள். தமிழில் எழுதுகிறேன்.

"எப்ப போனான்?"

"விழுந்த அன்னிக்கே, அம்மா. அந்த நிமிஷமே."

ஆயிரம் பொய் சொன்ன வாய் இது. அந்த ஒரு பொய் அஞ்சு வார்த்தைக்கு மேல் நீளவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"இல்ல. நேத்து கதவு சாத்தியிருந்தப்ப உள்ளேயிருந்து கூப்பிட்டான். நான் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"மாக்... ஆயேர்..."

அம்மா... தண்ணீர்...

"தட்டாம திறக்கக் கூடாது. நான் திறக்கல." கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்புறம் தட்டித் திறந்து பார்த்தா எல்லா இலைக்கும் பக்கத்துல தண்ணித் தம்ளர் இருக்கு. அவன் இலைக்கு மட்டும் வைக்க மறந்துட்டேன், அப்பாசாமி."