போகும்போது ஊமையாகும் வண்டி

ஹல்துமுல்லை கடைத்தெருவில் இத்ரூஸின் கராஜுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு லொறி டயர் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆளுக்கு ஐம்பத்திரண்டு வயது; முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி தோட்டத்தார் 'நானா' என்பார்கள். குள்ளம். வாடிக்கையாளரிடம் இனிக்கப் பேச வராது. எஞ்சினிடம் மட்டும் தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்பார். எஞ்சின் பொய் சொல்லாது, அதை ஓட்டுகிறவன்தான் சொல்லுவான் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை ஒரு பழைய கெப் வண்டி உடைத்துப் போட்டது.

வண்டி எங்கள் தோட்டத்து மரணாதார சங்கத்துடையது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. டர்போ வைத்த டீசல் எஞ்சின், இருபத்தாறு வயது. செத்தவர்களைக் கொண்டுவர வாங்கிய வண்டி அது. தோட்டத்தில் ஆம்புலன்ஸ் இல்லாததால் உயிரோடு இருப்பவர்களும் அதில்தான் போனார்கள். ஆம்புலன்ஸ் கேட்டு நான் தொழிற்சங்கத்தில் இருந்த காலத்தில் எத்தனை நோட்டீஸ் அடித்தோம் என்பதை இங்கே சொல்லிப் புண்ணியமில்லை. வரவில்லை.

டர்போ என்பது ஒரு சின்னச் சக்கரம். எஞ்சின் விடுகிற புகையின் வேகத்தில் சுற்றி, வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்கும். மேடு ஏறும்போது அதிலிருந்து மெல்லிய விசில் வரும். அந்த விசில் கேட்டால் வண்டிக்கு மூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் பெரியாயி போனாள். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிவிட்டது. தோட்டம் கடைத்தெருவுக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலே ஏறித்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மயானத்து வளைவில் விசில் நின்றது. கறுப்புப் புகை. நடக்கிறவன் முந்திப் போகிற வேகம். இரண்டு மணிநேரப் பாதை மூன்றரை மணிநேரம் ஆனது. பெரியாயி வழியிலேயே முடிந்துபோனாள். பிரேதத்தை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, அதே வண்டி பண்டாரவளை மேட்டில் கணீரென்று விசிலடித்தது.

அடுத்து கணபதி, நெஞ்சுவலி. அவருக்குப் பிறகு மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெரியவர் ஒருவர், பக்கவாதம். மூன்று முறையும் அதே வளைவு. போகும்போது ஊமை, வரும்போது விசில்.

லயத்தில் பேச்சு வேறு மாதிரிப் போனது.

"வண்டிக்குச் சொந்தமா மூச்சு கெடையாது. படுத்திருக்க ஆளோட மூச்ச எடுத்துக்குது. எடுத்த பெறகுதான் பாடுது."

இதைச் சொன்னது யார் என்று கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் சொன்னார்கள்.

டிரைவர் கந்தப்பன் ஒவ்வொரு முறையும் வண்டியை இத்ரூஸிடம் கொண்டுபோனான். இத்ரூஸ் பில்டரை மாற்றினார். பம்பின் டைமிங்கைப் பார்த்தார். டர்போவின் அச்சை விரலால் ஆட்டிப் பார்த்தார். காற்றுக் குழாய்களில் சவுக்கார நுரை பூசி ஓட்டை தேடினார். தொட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பெரகலை வரை தானே ஓட்டினார். வண்டி பாடிக்கொண்டே ஏறியது.

"ஒரு பிழையுமில்ல. நீதான் கியர் மாத்தத் தெரியாம ஓட்டுற" என்றார்.

"நானா, மணல் மூட்டைக்கு உசுரு இல்லல்ல. அதான் பாடுது" என்றான் கந்தப்பன்.

"அப்பிடியா? அடுத்த தரம் ஒன்னக் கட்டிப் போட்டு ஏத்துறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு கராஜில் இருந்த மற்ற வண்டிகள் அப்படியே கிடந்தன. அவர் அந்த கெப்பின் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பிழை இல்லை என்று மூன்று முறை சொல்லியனுப்பிய வண்டியில் மூன்று பேர் செத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு அவருக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் கலாராணி விவகாரம் வந்தது. கணபதியின் மருமகள். எட்டு மாதக் கர்ப்பம். பிரஷர் ஏறி, கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலைவலி வந்தால் அடுத்த நிமிஷம் பதுளைக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கலாராணி ஒரே பிடிவாதம்.

"நடந்தே போறேன். வழியில செத்தாலும் சரி, அந்த வண்டில ஏற மாட்டேன்."

வேறு வண்டி கிடையாது. அவசரத்துக்குக் கடைத்தெருவிலிருந்து ஓட்டோ இறங்கி வராது, அந்தப் பாதை அப்படி. நான் போய் இத்ரூஸிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நோயாளிய ஏத்தினா எப்பிடிப் போவீங்களோ அப்பிடியே என்னக் கொண்டு போங்க. ஒண்டையும் விடாதீங்க. நான் படுத்துக்கொள்றேன்."

மறுநாள் மத்தியானம் லயத்துக்கு வந்தார். பனி இறங்கி, தேயிலை தெரியாத மத்தியானம். தொட்டியில் மெத்தையை விரித்தார்கள். கலாராணியின் மாமியார் மாரியாயி, கணபதியின் பெண்சாதி, கோயில் தண்ணீரில் நனைத்த மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக வந்து தயங்கி நின்றாள். கடுமையான நோயாளி போகும்போது வண்டியின் முகத்தில் அதைக் கட்டுவாள். ஆஸ்பத்திரி வாசலில் அவிழ்த்து நோயாளியின் தலைமாட்டில் வைப்பாள். லேசான காய்ச்சலுக்குக் கட்டுவதில்லை. பிரேதத்துக்கும் கட்டுவதில்லை.

"நல்லா இருக்க மனுசனுக்கு இத எப்புடிங்க கட்டுறது? கூப்புட்டு வச்ச மாதிரி ஆயிரும்."

"கட்டுங்க அக்கா. எனக்குச் சுகமில்ல எண்டு நெனச்சிக் கட்டுங்க" என்றார் இத்ரூஸ்.

துணியை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். சாமி காரியத்தைக் கராஜில் போய் யார் சொல்லுவார்கள்?

நானும் தொட்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. விசில் கேட்டது. லயத்துப் பிள்ளைகள் கூடக் கத்தாமல் நின்று பார்த்தார்கள். இத்ரூஸ் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பனியில் அவர் முகம் வெளுத்துத் தெரிந்தது. மயானத்து வளைவில் கந்தப்பன் முழுசாக மிதித்தான். விசில் மெலிந்தது. நூல் மாதிரி ஆனது. நின்றது.

எஞ்சின் முனகியது. புகை எங்களைச் சுற்றி வந்து மூடியது. இருபத்தெட்டு வருஷம் பேய் இல்லை, பிசாசு இல்லை என்று மேடையில் பேசியவன் நான். அந்த இடத்தில் இத்ரூஸின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வரவில்லை.

கண்ணைத் திறந்தார். எஞ்சினைக் கேட்பதற்காக மூச்சை அடக்கியிருந்திருக்கிறார், பாவி மனுசன்.

"கால எடுக்காத கந்தப்பா! மிதிச்சபடி இரி!" என்று கத்திக்கொண்டே ஊர்ந்துகொண்டிருந்த வண்டியிலிருந்து குதித்தார். முன்னால் ஓடி, பின்பக்கமாக நடந்துகொண்டே குனிந்து கிரிலுக்குள் பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன்.

கிரிலுக்குப் பின்னால், எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் ஹோஸின் வாய் இருந்தது. ஈரத்துணி கிரிலின் இடுக்கு வழியாக உள்ளே இழுபட்டு அந்த வாயை இறுக்கி மூடியிருந்தது. துணி நடுவில் குழிந்து துடித்தது. பிணத்தின் வாயை மூடி நாடிக்கட்டுப் போட்டது போல இருந்தது. ஆனால் பிணம் மூச்சு இழுத்தது. கந்தப்பன் பயந்து காலை எடுத்தான். துணி உப்பி, பிரிந்து, சாதுவாகத் தொங்கியது. ஒன்றுமே நடக்காத மாதிரி.

இத்ரூஸ் வழியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வாய அங்க வச்சது நான் தலைவரே. போன வருஷம் பழைய குழா ஒடஞ்சி வந்திச்சி. மல ஏற கொஞ்சம் குளிர்ந்த காத்து கெடைக்கட்டும் எண்டு முன்னால கொண்டு வந்து வச்சேன்."

பெரியாயி போனது அதற்கு அடுத்த மாதம்.

"மாரியாயிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டேன்.

"என்ட பிழ எண்டு சொல்றது. துணியப் பத்தி ஒரு சொல்லும் வாணாம். அவட மாப்பிள்ள கணபதியும் இதிலதானே போன."

நானும் சரி என்றேன். உண்மையை ஒளிக்காதே என்று ஊருக்கு நோட்டீஸ் கொடுத்தவன், வாயை மூடிக்கொண்டேன்.

ஹோஸின் வாயை எஞ்சினுக்குப் பின்னால் திருப்பி வைத்தார். தொட்டியின் தலைமாட்டில் ஒரு கொக்கி பற்றவைத்து, இனித் துணியை இங்கே கட்டச் சொன்னார். முன்னால் சூடு, துணி பொசுங்கும் என்று ஒரு சாக்கு. பிழை தன்னுடையது என்று கடைத்தெருவில் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு லொறிக்காரர்கள் அதோடு வேறு கராஜுக்குப் போய்விட்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டு நேரம், கலாராணிக்குத் தலைவலி வந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்ததால் பிடிவாதம் பிடிக்கத் தெம்பில்லை. தூக்கிப் படுக்க வைத்தோம். மாரியாயி துணியைக் கொக்கியில் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மயானத்து வளைவில் வண்டி விசிலடித்துக்கொண்டு ஏறியது.

அதற்குமுன் அந்த வளைவில் கடும் நோயாளியோடு போன வண்டி கொஞ்ச காலமாக விசிலடித்ததில்லை. கீழே பெரட்டில் நின்ற பொம்பளைகள் அதைக் கேட்டார்கள். கலாராணி முடிந்துபோனாள் என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஒப்பாரி ஆரம்பமானது. பனிக்குள்ளிருந்து அது எங்களுக்குக் கேட்டது.

கலாராணி மாமியாரின் கையைப் பிடித்தாள்.

"அத்தே, விசில் கேக்குதே. நான் செத்துட்டேனா?"

"இல்ல ஆயி. வண்டிதான் கத்துது."

"அவளுங்க அழுவுறாளுங்க."

"அழுவட்டும். நீ என்னையப் பாரு."

ஒன்றே முக்கால் மணிநேரத்தில் பதுளை. ஆபரேஷன். பெண் பிள்ளை. தாயும் பிழைத்தாள்.

மூன்று கிழமை கழித்து மாரியாயி கராஜுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவள் உட்காரவில்லை.

"நானா, துணிய முன்னால கட்ட வேணாம்னு சொன்னீங்கல்ல. சூடுன்னு சொன்னீங்க. ஒரு வருசமாக் கட்டுனேன், ஒரு தரம் கூடப் பொசுங்கல."

"பிழ என்டது அக்கா. வாய அங்க வச்சது நான்."

"வாய வச்சது நீங்க. மூடுனது யாரு?"

இத்ரூஸ் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். 

"வழியில எம் மனுசன் மூணு தரம் கேட்டாரு, வண்டி ஏன் நிக்கிதுன்னு. ஆத்தா தொணைக்கு வர்றா, பேசாமப் படுங்கன்னு சொன்னேன்."

"வண்டி ஓடியிருந்தாலும் தப்பியிருப்பாரா எண்டு ஒருத்தருக்கும் தெரியா அக்கா."

"தெரியாதுல்ல? அத நான் வச்சுக்கிறேன். நீங்க சொமக்க வேணாம்." என் பக்கம் திரும்பினாள். "தலைவரே, பக்கத்துத் தோட்டத்துலயும் வண்டில துணி கட்டுறாங்க. எங்கிட்டப் பாத்துத்தான் கட்டுறாங்க. இத எழுதுங்க."

"பேரு வேணாம் ஆயி. ஒரு அம்மான்னு எழுதிக்கிறேன்."

"ஒரு அம்மான்னா எவ நம்புவா? நீங்க சாமி இல்லைன்னு பேசுற ஆளு, கட்டுன கதைன்னுவாளுங்க. எம்பேரப் போடுங்க."

போட்டிருக்கிறேன்.