மாநாட்டுக்குக் கோழியா, மீனா?

மாநாடு நடத்திப் பார்த்தவர்களே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: இந்தத் தொழிலில் விஞ்ஞானம் தானாக நடந்துவிடும், பதாகையும் பகல் சாப்பாடும்தான் நம் உயிரை எடுக்கும். அணுகுண்டுப் பரிசோதனையோ அணு உலை விபத்தோ எங்கே நடந்தாலும், அதன் கதிரியக்கத் தூசைக் காற்றும் மழையும் ஊர் ஊராய்க் கொண்டுபோய்ப் போடும். அதை அளக்கிறவர்களின் மாநாட்டை மன்னாரில் நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சொந்த ஊர் ஆயிற்றே என்று துள்ளிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

மஞ்சள் பதாகை

என்னோடு வேலை செய்யும் குகன் பௌதிகவியல்காரர். மன்னாரின் மீனவர் ஊரான பள்ளிமுனைச் சந்தியில் பதாகை கட்டுவித்தவர் அவர்தான். "கதிரியக்கத் தூசு, மன்னார்" என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் மஞ்சளில் அந்த மூன்று இதழ் அபாயச் சின்னம், ஆள் உயரத்துக்கு. அழகாய் இருக்கட்டும் என்று போட்டாராம்.

மறுநாள் முருங்கனிலிருந்து மோட்டார்சைக்கிளில் சந்தைக்கு மீன் எடுக்க வருகிற வியாபாரிகள் ஒருவரும் வரவில்லை. பதாகையைக் கழற்றிய பிறகும் வரவில்லை. மீனவர் சங்கத் தலைவர் மரியதாஸ் அண்ணன் நாங்கள் வேலை செய்யும் கந்தோருக்கு வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்: "புயல் அடிச்சாலும் நாலு நாளில கடல் அடங்கும் தங்கச்சி. உங்கட பதாகை கிளப்பின பயம் எப்ப அடங்கும்?"

முருங்கன் சந்தை

மன்னார் மீனை ஆய்வுகூடத்தில் நாங்கள் ஏற்கெனவே அளந்திருந்தோம். பயப்பட ஒன்றுமில்லை. அந்த அறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டு சந்தைக்கே போனேன். ஒரு வியாபாரி மரியாதையாக முழுவதும் வாசித்து, மடித்துத் திருப்பித் தந்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்கள் மிஸ். ஆனா சனம் இதையோ கறி வைக்கப் போகுது?"

கோழிக்கறி

திரும்பி வரும் வழியெல்லாம் அழுகைதான் வந்தது. நல்லது செய்யப் போய் ஒரு ஊரின் அடுப்பில் அல்லவா தண்ணீர் ஊற்றிவிட்டோம்! இந்த நேரம் பார்த்து எங்கள் குழு ஒரு புத்திசாலித்தனமான முடிவு எடுத்தது: வீண் கதை வேண்டாம், மாநாட்டுச் சாப்பாட்டுக்குக் கோழி. நானும் தலையாட்டினேன். சமையலை ஏற்றிருந்த உப்புக்குளம் நஸ்ரினா கேட்டுவிட்டுச் சொன்னார்: "கோழி வைக்கிறன் மிஸ். அளக்கிற ஆக்களே மீனைத் தொடேல்லை எண்டு நாளைக்கு ஊர் கதைச்சால் என்ன சொல்லுவீங்கள்?"

மீன்தலை

சுருக்கென்று தைத்தது. கோழியை நிறுத்தி, மரியதாஸ் அண்ணனிடமே மீன் எடுத்தோம். மாநாடு ஞாயிற்றுக்கிழமை, மீனவர்கள் கடலுக்குப் போகாத நாள். பகல் சாப்பாட்டைக் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் கதவெல்லாம் திறந்து வைத்தோம். பேராசிரியர்மார் சாப்பிடுவதைப் பார்க்க வரலாம் என்று பங்குச் சுவாமி காலைப் பூசையிலேயே அறிவித்துவிட்டார். ஊரே வந்தது. முருங்கன் வியாபாரிகளில் இருவர் மட்டும், நாங்கள் அழைத்த மரியாதைக்காக வந்து ஓரமாய் நின்றார்கள்.

ஆயுள் முழுக்க இந்தத் தூசையே அளந்த ஒரு வெளிநாட்டுப் பேராசிரியை, மீன்தலையைக் கையால் எடுத்து உறிஞ்சிச் சாப்பிட்டார். முடித்துவிட்டுச் சட்டியை எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். வாசலில் நின்ற சனம் சிரித்துவிட்டது. அந்த வியாபாரிகளும் சிரித்துக்கொண்டே பந்தியில் வந்து இருந்து சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை பள்ளிமுனைக்கு இரண்டு மோட்டார்சைக்கிள் வந்தது. அந்த வாரம் முடியுமுன் மற்றவர்களும் வந்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மரியதாஸ் அண்ணன் மறுபடி கந்தோருக்கு வந்து, இம்முறை கதிரையில் ஆறுதலாக இருந்து சொன்னார்: "அடுத்த முறையும் இஞ்சயே வையுங்கோ தங்கச்சி. பதாகையில மட்டும் அந்தச் சின்னத்தை விட்டிட்டு மீன்தலையைப் போடுங்கோ."

ஆக நான் கண்டது, ஓர் ஆய்வறிக்கையைச் சனம் நம்ப வேண்டுமானால் அதை எழுதியவர்கள் இரண்டாம் தரமும் சோறு கேட்க வேண்டும்.