தூங்க விடாத நாலு வரி

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். கணினியின் பாகங்களுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவே உட்கார்ந்து எல்லோரையும் மேய்க்கும் மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். பாகங்களைச் செய்தவர்கள் விட்ட பிழைகளை, அந்தப் பாகங்களைத் தொடாமலே கெர்னலில் சமாளிப்பதற்கு ஒரு பெங்களூர் நிறுவனம் எனக்குச் சம்பளம் தருகிறது. கிரிவல மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்கிறேன். "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று மாமனார் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். பெரிய தவறில்லை.

மாமனார் கோயிலில் குருக்கள். வெளிநாட்டு பக்தர்களுக்கு வீடியோவில் சங்கல்பம் செய்துவைக்க ஒரு லேப்டாப் வாங்கினார். என்னைக் கேட்காமல்தான். வாங்கிய வாரமே போன் வந்தது.

"மாப்ளே, இத மூடி வெச்சா திரும்ப எழுந்துக்கவே மாட்டேங்கறது. பள்ளியறைலேர்ந்து சுவாமியே காத்தால எழுந்துடறார். இதுக்கு என்ன வந்தது?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கோ மாமா." எங்கள் தொழிலில் உலகம் முழுக்க முதலில் சொல்வது இதைத்தான்.

"அதத்தான் பண்ணிண்டிருக்கேன். நேத்து சிங்கப்பூர்க் குடும்பம் காத்துண்டிருக்கு, நான் ஆன் பண்ணிண்டே இருக்கேன். ராகுகாலம் வந்துடுத்து."

எடுத்துவரப் போன அன்று பௌர்ணமி. ஆட்டோ எதையும் உள்ளே விடவில்லை. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தேன். "சார், அந்தப் பக்கமா சுத்தக் கூடாது, இப்டிப் போங்க" என்று பலர் அக்கறையோடு திருப்பிவிடப் பார்த்தார்கள்.

லேப்டாப்பை மூடியதும், மின்சாரம் மிச்சமாக, கெர்னல் ஒவ்வொரு பாகத்திடமும் எவ்வளவு ஆழமாகத் தூங்குவாய் என்று கேட்கும். இதில் தகவல்களைச் சேமித்துவைக்கும் சில்லு, அதாவது சிப், ஆழ்ந்து தூங்குவேன், கூப்பிட்டதும் எழுந்துவிடுவேன் என்று பதில் சொன்னது. அதில் முதல் பாதி உண்மை. அதைக் கண்டுபிடிக்க நான் மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மனைவி மதியம் சாப்பிட வந்தபோதும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

"காலையிலேர்ந்து மூடறீங்க, தெறக்கறீங்க. வேலைய எப்ப ஆரம்பிப்பீங்க?"

"இதுதான் வேலை."

"அப்பா கிட்ட சொல்லிடாதீங்க."

சில்லு செய்தவர்களுக்கு எழுதினேன். வேறோர் இயங்குதளத்தில் இந்தக் கோளாறு வருவதில்லை, ஆகவே சில்லில் பிழை இல்லை என்று மிகப் பணிவாகப் பதில் வந்தது. தேடிப் பார்த்ததில், அந்த இயங்குதளம் அந்தச் சில்லை ஆழத் தூங்கவே விடுவதில்லை என்று தெரிந்தது.

நானும் அதையே செய்தேன். நாலு வரி. இந்தச் சில்லாக இருந்தால் அது சொல்வதை நம்பாதே, ஆழத் தூங்க விடாதே. கெர்னல் உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதுவது; அதன் அந்தப் பகுதியைப் பராமரிப்பவர் வேறொரு கண்டத்திலிருந்து, உண்மையான காரணம் என்ன என்று கேட்டார். தெரியவில்லை, இப்படிச் செய்தால் எழுகிறது என்று பதில் போட்டேன். ஏற்றுக்கொண்டார்.

லேப்டாப் திரும்பிப் போன சில நாட்களில் மாமனார் மறுபடி கூப்பிட்டார்.

"நன்னா எழுந்துக்கறது மாப்ளே. ஆனா இப்ப தூங்கவே மாட்டேங்கறதே! பையில வெச்சா இட்லிப் பானையாட்டம் சுடறது. சார்ஜும் நிக்கல."

"ரெண்டுல ஒண்ணுதான் மாமா கிடைக்கும்."

"அப்போ சூடே இருக்கட்டும்."

சில மாதங்கள் கழித்துச் சில்லுக்காரர்கள் சத்தமில்லாமல் ஒரு அப்டேட் வெளியிட்டார்கள். பேட்டரித் திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது என்று குறிப்பு. பிழை என்ற சொல் எங்கும் இல்லை. சில்லு இப்போது ஒழுங்காகத் தூங்கி எழுந்தது. அதாவது, என் நாலு வரிகள் விட்டிருந்தால் தூங்கி எழுந்திருக்கும். யாரோ ஒரு ஜெர்மன்காரர் புகார் எழுதினார்: "இந்த முட்டாள்தனத்தை எழுதியது யார்? என் பேட்டரியைத் தின்கிறது." எழுதியது யார் என்று எந்த வரிக்கும் கெர்னலில் பதிவு இருக்கும். சில்லு நல்ல பிள்ளையாகிவிட்டது, பிழை என் பெயரில் நின்றது.

அப்டேட்டை மாமனாரின் லேப்டாப்பில்தான் சோதிக்க வேண்டியிருந்தது. "நன்னா இருக்கறதுல கை வெக்காதீங்கோ" என்று தர மறுத்தார். மகள் சொன்ன பிறகு தந்தார். என் நாலு வரியை எடுத்துவிட்டு மூடினேன்; தூங்கியது, எழுந்தது. அப்டேட் ஆகாத சில்லுகளுக்கு மட்டும் அந்த நாலு வரி பொருந்தும் என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். ஜெர்மன்காரர் உட்படப் பலர் நன்றி சொன்னார்கள். நாலு வரிக்கு ஒருவரும் சொன்னதில்லை.

அந்த ஆண்டு மதிப்பீட்டில், பேட்டரி நேரத்தை உயர்த்தியதற்காக மேலாளர் என்னைத் தனியாகப் பாராட்டினார். மனைவியிடம் சொன்னேன்.

"அப்டி என்ன பண்ணீங்க?"

"நான் போட்ட பூட்ட நானே தெறந்து விட்டேன்."

அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை. "இன்க்ரிமென்ட் உண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ரசம் ஊற்றினாள்.