பறிக்காத இலைக்கு ஒரு பக்கம்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். அப்படிப்பட்டவளைப் பிடித்து ரிங்லெட் டவுனில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் அறையில், கணினிக்கு முன்னால் உட்காரவைத்திருக்கிறார்கள். இந்த மலையிலுள்ள பழைய தேயிலைச் செடிகளின் மரபணுக்களைப் படித்துச் சேமிக்கும் ஆராய்ச்சி அது. இலையைப் பறித்துக் காயவைத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினால், ஒவ்வோர் இலைக்கும் மலையளவு தரவு திரும்பி வரும். அதை ஒரு மென்பொருளில் ஏற்றி, சரிபார்த்து, எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிடுவது என் வேலை.

இந்தத் திறந்துவிடுவதில் எனக்குக் கொஞ்சம் வெறியே உண்டு. பேராசிரியர் வேறிடம் மாறிப் போனால் அவர் இழுப்பறையில் இருந்த தரவும் கூடவே போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். நாலு பேருக்குக் கிடைக்காத தரவு, பறித்துச் சாக்கிலேயே விட்டுவைத்த கொழுந்து மாதிரி, சூடேறிக் கறுத்துப்போகும். எங்கள் மென்பொருளில் அது நடக்காது. ஒவ்வோர் இலைக்கும் ஒரு பக்கம். எந்தச் செடி, எங்கே நிற்கிறது, யார் பறித்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். எழுதியதை மாற்றினால் மாற்றியவர் பெயரும் அங்கேயே நிற்கும். ஒரு செடிக்குப் பதில் இன்னொரு செடியில் பறித்தவர் அந்த வேலையில் தொடரக் கூடாது என்று விதி எழுதியவளும் நான்தான். ஆராய்ச்சித் தலைவர்கூட அவ்வளவு கறாராகக் கேட்கவில்லை.

அந்த விதி என் சித்தியின் கழுத்தில் போய் விழும் என்று அப்போது தெரியாது.

சித்தி எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறாள். கொழுந்து வெட்டும் மெஷினைத் தூக்கித் தூக்கித் தோள் போய்விட்டது. வீட்டில் முடங்கிக் கிடந்தவளை இலை சேகரிக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். ஃபோனில் செடியைப் படம் பிடித்து, அதன் நம்பர் தகட்டை ஸ்கேன் செய்து, இரண்டு இலை கிள்ளிப் பொட்டலத்தில் போட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அவள் அந்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோயில் திருவிழாவுக்கே வந்தாள். கேலி செய்தவர்களிடம், இது ஆராய்ச்சி வேலை, சும்மா இல்லை என்று சொன்னாளாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை மென்பொருள் இரண்டு பக்கங்களைச் சிவப்பாக்கிக் காட்டியது. இரண்டு இலையும் ஒரே செடியுடையவை என்றது. அவை விதையில் முளைத்த பழஞ்செடிகள். விதையில் வந்தால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. இரண்டையும் பறித்தது சித்தி. தலைவரிடமிருந்து உடனே ஃபோன் வந்தது. வாரக் கடைசியில் இந்தத் தொகுப்பைத் திறந்துவிட வேண்டும், அதற்குள் உண்மை தெரியாவிட்டால் அவர் பறித்த எல்லா இலையையும் நீக்கிவிடுங்கள் என்றார். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் காய்கறி லோரி. ஒவ்வொன்றின் பின்னாலும் ஊர்ந்துகொண்டே அதன் டிரைவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டு போனேன்.

சித்தி மறைக்கவேயில்லை. தேயிலைக் காட்டுக்கே கூட்டிப்போனாள். முனீஸ்வரன் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை மட்டும் வெட்டுப்படாமல் மரமாக வளர்ந்து நின்றது. அதைச் சாமி செடி என்பார்கள். கவாத்து வெட்டி முடிந்து முதல் கொழுந்து எடுக்கும் நாளில் அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலை தொடங்கும். எஸ்டேட் துரைமார் எத்தனையோ பேர் மாறினார்கள். அதில் ஓர் இலை கிள்ளச் சொன்னவர் கிடையாது. அடிமரத்தில் எங்கள் ஆராய்ச்சியின் நம்பர் தகடு தொங்கியது. அதற்கு மேல் காய்ந்த மாலை.

தகடு கட்டும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சாமிக்கு எதையாவது கட்டுவது தப்பில்லையே என்றாள். படம் பிடித்தாள், ஸ்கேன் செய்தாள், எல்லாம் இந்தச் செடிதான். இலையை மட்டும் பக்கத்துச் செடியில் கிள்ளியிருக்கிறாள். பக்கத்துச் செடியும் எங்கள் கணக்கில் இருந்ததால் மாட்டிக்கொண்டாள்.

"பக்கத்துல ஒண்ணா வளந்த செடிம்மா. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சேன். சாமி செடில எப்படி கை வைக்கிறது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உலகத்துக்கே பொய் இலையை அனுப்பியிருக்கிறீர்கள் என்றேன். அவள் அட்டையை விரலால் திருப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வேலை போய்விடுமா என்று மட்டும் கேட்டாள். கல்லைச் சுற்றி நடந்தேன், திரும்ப நடந்தேன். இரண்டே இலை. இப்போது கிள்ளி அனுப்பிவிட்டு, பழைய பொட்டலம் கெட்டுப்போனது என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. சித்தி என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"நீ வேணும்னா கிள்ளிக்கோ. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன் லா."

சொன்னபடியே திரும்பி நின்றாள். நான் கையை நீட்டினேன். எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. தைப்பூசத்துக்குக்கூடச் சாப்பாட்டுக்காகப் போகிறவள். இருந்தும் கை இலைவரை போய் நின்றுவிட்டது. முனீஸ்வரனுக்குப் பயந்தேனா, நானே எழுதிய விதிக்குப் பயந்தேனா, இல்லை அவளுடைய திரும்பிய முதுகைப் பார்க்க முடியவில்லையா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கிள்ளவில்லை. அதுதான் தெரியும்.

அறைக்குத் திரும்பி, மென்பொருளில் அந்தச் செடிக்குரிய பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். இது பக்கத்துச் செடியின் இலை, இந்தச் செடி வழிபாட்டுக்குரியது, இலை பறிக்கப்படவில்லை. தலைவர் படித்துவிட்டு, சித்தியின் மற்ற இலைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தன. ஆனாலும் விதி விதிதான் என்றார். உங்கள் விதி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சித்தியிடம் சொல்லப் போனபோது அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள். கேட்டதும் அட்டையைக் கழற்றி, அதன் கயிற்றைச் சுற்றி என் கையில் வைத்தாள். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"நான் எடுத்த மத்த எலையெல்லாம் தூக்கிப் போட்டுட்டாங்களா?"

இல்லை, எல்லாவற்றையும் திறந்துவிட்டாயிற்று, ஒவ்வொன்றிலும் பறித்தவர் என்று உங்கள் பெயர் இருக்கிறது, எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம் என்றேன். அவள் முகம் தெளிந்தது. சாமி செடிக்குரிய பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். படம் இருக்கிறது, இலை இருக்க வேண்டிய இடம் காலி என்றேன். காலியாகவே இருக்கட்டும் என்று சிரித்தாள்.

அவளுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. என் மென்பொருளுக்குக் காலி இடம் பிடிக்காது. அறையைத் திறந்து கணினியைப் போட்டால், பறிக்கப்பட வேண்டியது என்று அந்தச் செடியைத்தான் முதலில் காட்டுகிறது. அது எங்கே நிற்கிறது என்று அடி பிசகாமல் வரைபடமும் காட்டுகிறது. அதைச் செய்து வைத்தவளும் நான்தான். எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். அந்தச் செடியை விட்டுவிடலாமா என்று தலைவரிடம் கேட்டேன். தோட்டத்திலேயே அதுதான் மூத்தது, அது இல்லாமல் எப்படி என்றார். சித்திக்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி வருகிறாள். கெட்டிக்காரி என்று கேள்வி. அவளுக்கு அது வெறும் நம்பர்.

அதைச் சித்தியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அந்தப் புள்ளைக்கு வழி தெரியாதேம்மா. நீதானே கூட்டிட்டு வரணும்?"

ஆமாம் என்றேன்.