நாலு வயது உயரம்

நாயின் கழுத்திலிருந்து அதை வளர்ப்பவரின் கை வரைக்கும் கயிற்றை முழம் போட்டு அளந்துகொண்டிருக்கிறான், ஏரிக்கரை விடுதியின் வாசல் காவலாளி. மூன்று முழத்துக்கு மேல் ஒரு விரல்கடை போனாலும் முடிச்சுப் போட்டுக் குறைத்த பிறகுதான் கதவு திறக்கும். விடுமுறைக்கு வந்த குடும்பம் வெயிலில் நின்று முணுமுணுக்கும். அவன் அசைய மாட்டான்.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்களுக்கு இது செல்லம். உள்ள வெளையாடற குழந்தைங்களுக்கு இது நாய்தான்."

விடுதியில் எல்லோருக்கும் அவன் 'முழக்கோல்'. சலவை அறையில் வேலை செய்யும் அக்காவுக்கு மட்டும் தம்பி. தடுப்பூசிச் சீட்டைத் தேதி தேதியாகப் படிப்பான். பந்தை உருட்டுவான், கைதட்டுவான், நாற்காலியைத் தரதரவென்று இழுப்பான். நாய் உறுமினால் வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவான். "என் தம்பி உள்ள விட்ட நாய் ஒம்போது வருஷத்துல ஒரு கீறல் போட்டதில்ல" என்று விரிப்புகளைப் பிழிந்துகொண்டே சொல்வது அக்காவுக்கு வழக்கம்.

போன விடுமுறையோடு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

செம்பழுப்பு நிற நாய் ஒன்று எல்லாச் சோதனையிலும் தேறியது. அவன் கையைக்கூட நக்கியது. "தங்கம்!" என்று தட்டிக்கொடுத்து உள்ளே விட்டான். மறுநாள் காலை, சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்திருந்த அதைக் கட்டிக்கொள்ளப் போனாள் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி, கையில் பிஸ்கட்டோடு. கன்னத்தில் ஏழு தையல்.

"உன் மேல தப்பில்லப்பா" என்றார் மேலாளர். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எல்லாத்தையும் நின்னுகிட்டே பார்த்தேன்க்கா" என்றான் அன்று. "குழந்தையோட மொகம் அது வாய்க்கு நேரா வரும்னு எனக்குத் தோணவே இல்லியே."

ஊஞ்சல் பக்கமும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நாய்களை விட வேண்டாம், அவற்றுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள் என்று மேலாளரிடம் மூன்று முறை கேட்டுப் பார்த்தான்.

"நாயோட வர்றவங்கதான் நாலு நாள் கூடுதலாத் தங்கறாங்க. உனக்குச் சரிப்படலைன்னா சொல்லு, வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

இதைக் கேட்ட அக்கா, பிழிந்துகொண்டிருந்த விரிப்பைத் தொட்டியிலேயே போட்டாள். "உதறிட்டு வாடா. இந்த வாசல் இல்லன்னா வேற வாசலே கெடைக்காதா?"

"வர்றவன் சலாம் போட்டுக் கதவைத் தொறந்து விட்டுடுவான்க்கா. அப்புறம் யார் பார்ப்பா?"

இப்போது அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. எந்த நாயையும் தங்கம் என்பதில்லை. உள்ளே ஏதாவது குழந்தை வீறிட்டால், அது விழுந்து அழுகிறதா, பிடிவாதத்துக்கு அழுகிறதா என்று தெரியும்வரை வாசலில் அவன் முகம் பேயறைந்தது போல இருக்கும்.

இன்று காலை, துவைத்த விரிப்புகளை முன்கட்டுக்குச் சுமந்து வந்த அக்கா நின்றுவிட்டாள். காரிலிருந்து கன்றுக்குட்டி உயரத்தில் கறுப்பு நாய் ஒன்று இறங்கியிருந்தது. முழம் போட்டாயிற்று, பந்து உருட்டியாயிற்று. "கயிறை இறுக்கிப் புடிச்சுக்கங்க சார்" என்றான் தம்பி. தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தான். பிஸ்கட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு சிறுமியின் உயரத்துக்கு மண்டியிட்டு, நாயின் வாய்க்கு நேராகத் தன் கன்னத்தை நீட்டினான்.