மூக்கு நுனியின் நிறம்

விரல் நுனியால் லேசாக அழுத்த வேண்டும். அழுத்திய இடம் வெளுக்கும். விரலை எடுத்ததும் நிறம் திரும்பி வர வேண்டும். வந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். வராவிட்டாலோ, கத்தரிக்காய் நிறமாகப் போனாலோ ஓடிவந்து சொல்ல வேண்டும். டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். அழுத்த வேண்டியது என் வீட்டுக்காரர் மூக்கை.

“ஏம்மா, உன்னாலே முடியுமா?” என்று கேட்டார் டாக்டர். தலையை ஆட்டினேன். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகியும் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசினவள் இல்லை நான். சோறு போடும்போது தட்டைப் பார்ப்பேன். எது சொல்வதானாலும் “இந்தாங்க” என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். இப்போது பொழுது விடிந்து பொழுது போகிற வரைக்கும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்! அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். நான் விரலை நீட்டினாலே கண்ணை மூடிக்கொள்வார்.

திருவிடைமருதூருக்குத் தெற்கே எங்கள் ஊர். மாமனார் காலத்திலிருந்து மிராசுதார் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தோம். மாமனார் மிராசுதார் தெருவுக்குள் நுழையும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நுழைவார். கறுப்பு சிவப்புக் கொடி ஊருக்குள் வந்த பிறகு இவர் அப்படிக் கட்டுவதை விட்டுவிட்டார். தோளில் கிடந்தால் தோளில், தலையில் முண்டாசாக இருந்தால் தலையில். யார் வந்தாலும் துண்டு இருந்த இடத்தில்தான் இருக்கும்.

ஒரு அறுவடையில் களத்தில் நெல் அளந்துகொண்டிருந்தபோது மிராசுதாரின் காரியஸ்தர், “துண்டை எறக்கிட்டுப் பேசுடா” என்றிருக்கிறார். “நெல்லை அளங்க. துண்டை அளக்காதீங்க” என்றிருக்கிறார் இவர். அதற்குமேல் யார் யாரைப் பிடித்துத் தள்ளினார்கள், யார் கையில் கருக்கரிவாள் இருந்தது என்பதெல்லாம் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது இவர் வைக்கோல்போர் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூக்கின் கீழ்ப்பாதி இல்லை.

புண் ஆறிய பிறகு நடு முகத்தில் இரண்டு குழிதான் இருந்தது. பல மாசம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டே வயலுக்குப் போய்வந்தார். பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் திரும்பிக்கொள்வார். நெற்றித் தோலை எடுத்து மூக்கு வைக்கிறார்கள் என்று தஞ்சாவூரில் வேலை பார்த்த உறவுக்காரர் ஒருவர் சொன்னதும், பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் ஒரு துணியை மூக்கு இருந்த இடத்தில் வைத்துக் கத்தரித்தார், ரவிக்கைக்கு அளவு பார்க்கிற மாதிரி. அதை விரித்துத் தலைகீழாக நெற்றியில் வைத்து மையால் சுற்றிக் கோடு போட்டார்.

“இந்தத் தோலைக் கீழே திருப்பிக் கொண்டுவந்து மூக்காத் தைக்கப்போறோம். அடியோட வெட்டி எடுத்தா செத்துப்போயிடும். அதனாலே புருவத்துக்கு நடுவுல ஒரு காம்பை விட்டுவைப்போம். ரத்தம் இந்தக் காம்பு வழியாத்தான் வரும். தச்ச இடத்துல சொந்தமா ரத்தம் ஊற மூணு வாரம் ஆகும். அப்புறம் காம்பை வெட்டிடலாம்.”

“அப்போ நெத்தி தலைமடை, மூக்கு நுனி கடைமடைன்னு சொல்லுங்க” என்றார் இவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். “ஆமாய்யா. நடுவுல எவனும் மடையை அடைக்காமப் பாத்துக்கணும்.”

“கடைமடைக்குத் தண்ணி வந்து சேர்ற கதை எங்களுக்குத் தெரியாதா?” என்று இவர் என்னிடம் முணுமுணுத்தார்.

ஆப்பரேஷன் முடிந்து கட்டை அவிழ்த்த அன்று நான் வெளியே ஓடிப்போய்க் குழாயடியில் நின்றுவிட்டேன். புருவத்துக்கு நடுவிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு சதைக்குழாய் முறுக்கிக்கொண்டு கீழே இறங்கி, உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்த புது மூக்கில் போய்ச் சேர்ந்திருந்தது. மூக்கு ஓட்டைகளில் சின்ன ரப்பர் குழாய்கள். நெற்றியில் தோல் எடுத்த பள்ளத்தில் தொடைத் தோலை ஒட்டியிருந்தார்கள், அது கறுத்த சதுரமாகத் தெரிந்தது. மூக்கு மட்டும் முகத்தைவிட ஒரு மாத்து வெளுப்பு. இத்தனை வருஷம் முண்டாசு மறைத்து வெயில் படாமல் இருந்த தோல் அல்லவா!

பக்கத்துக் கட்டிலில் கை வெந்துபோன ஒரு டீக்கடைக்காரர் இருந்தார். அவருக்குச் சும்மா இருக்க முடியாது. “பிள்ளையாரே, தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணும்” என்பார். “உன் கை மொதல்ல எழும்பட்டும், அப்புறம் கும்பிடு” என்பார் இவர். இப்படிக் கொஞ்ச நேரம் போகும். மற்ற நேரம் இவருக்கு நிலைகொள்ளாது. கட்டிலில் உட்காருவார், எழுந்திருப்பார், ஜன்னலுக்குப் போவார், திரும்புவார். பீடி கூடாது, ரத்தக்குழாய் சுருங்கிவிடும் என்று டாக்டர் கண்டித்திருந்ததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தால் நெற்றியைத் தட்டுவார். நர்ஸ் மூக்கைத் துடைத்தால், “நெத்தியில ஏம்மா தேய்க்கிறே?” என்பார். அந்தத் தோலுக்குத் தான் இடம் மாறினது இன்னும் தெரியவில்லை.

நானும் அப்படித்தான். அழுத்திப் பார்ப்பேன். நிறம் வரும். அப்பாடா என்று உட்காருவேன். உட்கார்ந்த மாத்திரத்தில், இப்போது பார்த்தோமே, அது சரியாகப் பார்த்தோமா என்று தோன்றும். மறுபடி எழுந்திருப்பேன். தும்மல் வந்தால் என்ன ஆகும், தூக்கத்தில் கை பட்டால் என்ன ஆகும் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கும். வாங்கிவந்த இட்லி பொட்டலத்திலேயே காய்ந்துபோகும்.

மூன்று வாரம் முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது என் கொழுந்தன் ஊரிலிருந்து ஓடிவந்தான். குத்தகைக்காரர்கள் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம் அது.

“நாளைக்குக் காலையில வயல்ல விசாரணைண்ணே. தாலுகா ஆபீஸ்லேருந்து வர்றாங்க. சாகுபடி பண்றவன் நேர்ல நிக்கணுமாம். நீ ஊரை விட்டே போயிட்டேன்னு காரியஸ்தர் சொல்லிக்கிட்டுத் திரியறாரு.”

“நான் வர்றேன்” என்றார் இவர்.

டாக்டர் கத்தினார். இப்போது காம்பை வெட்டவும் முடியாது, இப்படியே அனுப்பவும் முடியாது என்றார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “நெலம் போயிட்டா மூக்கை வச்சுக்கிட்டு என்னங்க பண்றது?” என்றார். கடைசியில் டாக்டர் என் பக்கம் திரும்பினார். “அவரு கேக்க மாட்டாரு. நீ கேட்டுக்க. காம்பு மேலே ஒண்ணும் அழுத்தக் கூடாது, ஒரு நூல்கூட. நிறம் மாறினா அழுத்துறதை உடனே எடுத்துடணும். கொஞ்ச நேரம் தாமதிச்சாலும் நெத்தியும் போச்சு, மூக்கும் போச்சு. இன்னொரு தடவை எடுக்க அங்கே தோல் இல்லை.”

விடியக்காலை பஸ்ஸில் துண்டை முக்காடு மாதிரி லேசாகப் போட்டுக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டி அழுத்திப் பார்த்தேன். “எல்லாரும் பாக்குறாங்க புள்ள” என்று சுருக்கென்று சொன்னார். பார்க்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அழுத்துவதை நிறுத்தவுமில்லை.

வயலில் சம்பா பழுக்கத் தொடங்கியிருந்தது. வரப்பில் தாலுகா ஆபீஸ்காரர், சின்ன வயசு. பக்கத்தில் கர்ணம். குடைக்குள் மிராசுதார், அவருக்குப் பின்னால் காரியஸ்தர். ஊர் ஆண்கள் ஒரு கும்பலாக நின்றார்கள். பொம்பளைகள் நாங்கள் எதிர்வரப்பில், நடுவே ஒரு வயல் அகலம்.

மிராசுதாரைப் பார்த்ததும் இவர் முக்காட்டை உருவினார். உதறினார். ஒரே சுற்றில் முண்டாசாகக் கட்டி, புருவம் வரைக்கும் இறக்கி இழுத்து முடிந்தார். சதைக்குழாய் முழுதும் உள்ளே அமுங்கிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றார்.

“இந்தாங்க” என்றேன். எனக்கே கேட்கவில்லை. இருமினேன். பக்கத்தில் நின்றவள், “என்னடி தொண்டையில?” என்று கேட்டாள். கொழுந்தன் பக்கம் கையை ஆட்டினேன், அவன் கர்ணம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். காரியஸ்தர் ஏதோ நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார், இவர் குறுக்கே பேசினார், கர்ணம் இருவரையும் அடக்கினார். வெயில் ஏறியது. முண்டாசுக்குக் கீழே அந்த வெளுத்த மூக்கு மட்டும் எனக்குத் தெரிந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அது மங்கியது. பிறகு நீலம் பாய்ந்தது. நுனி கத்தரிக்காயாகியது.

வரப்பைச் சுற்றிப்போக நேரம் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதிருக்குள் இறங்கினேன். “ஏய், பயிரு, பயிரு!” என்று யாரோ கத்தினார்கள். சேற்றுக் காலோடு ஆண்கள் நடுவில் ஏறி, அவர் தலையில் இருந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை. மறுபடி இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

முதலில் வாயைத் திறந்தது காரியஸ்தர்தான். “பாத்தீங்களா எஜமான்! பொண்டாட்டி கையாலேயே எறங்குது துண்டு.”

யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். இவர் கை ஓங்கியது. “குடுடி அதை.”

“குடுக்க மாட்டேன். மூக்கு சாவுது!”

அவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே தெரியாது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தொங்கிய சதைக்குழாய், ரப்பர் குழாய்கள், நெற்றியில் கறுத்த சதுரம், நீலம் பாய்ந்த மூக்கு. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மிராசுதார் குடையைத் தாழ்த்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தாலுகா ஆபீஸ்காரருக்கு வேர்த்துவிட்டது. “நீங்க... உக்காருங்க” என்றார்.

“நிக்கறேங்க. கேளுங்க” என்றார் இவர்.

ஓங்கிய கை இறங்கியிருந்தது. நான் யார் முகத்தையும் பார்க்காமல் மூக்கு நுனியை அழுத்திக்கொண்டு நின்றேன். அவர் தலையை அசைக்காமல் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். அடுத்த வயல்காரர், அதுவரை வாயைத் திறக்காதவர், “உழுவறது விதைக்கிறது எல்லாம் அவருதாங்க” என்றார். பேரை எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். துண்டை மடித்து இருவருக்கும் நடுவில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. பாபநாசம் தாண்டும்போது நீலம் குறைந்த மாதிரி இருந்தது. தஞ்சாவூரில் இறங்குவதற்குள் அழுத்தின இடம் வெளுத்து, மெதுவாக நிறம் வந்தது. நுனியில் அரிசி அளவுக்கு ஒரு இடம் மட்டும் வரவேயில்லை. அது கறுத்துப் பொருக்காகி உதிர்ந்தது, இடது ஓரம் கடைசிவரை கொஞ்சம் வெட்டுப்பட்ட மாதிரிதான் இருந்தது. “கடைமடை” என்றார் டாக்டர், என்னைப் பார்த்து. சொன்ன நாளில் காம்பை வெட்டினார். பிறகு இன்னொரு முறை வரச்சொல்லித் தடிப்பைச் செதுக்கினார். நல்ல மூக்கு. மூச்சு தாராளமாகப் போனது. பிள்ளைகள் மடியில் ஏறித் தொட்டுப் பார்த்தார்கள்.

நிலம் எங்கள் சாகுபடியிலேயே இருந்தது. ஆனால் இவர் என் கையிலிருந்து துண்டு வாங்க மாட்டார். குளித்துவிட்டு வரும்போது நீட்டினால் பார்க்காத மாதிரி கொடிக்குப் போய் வேறு எடுத்துக்கொள்வார். ஏதாவது பேச்சு முற்றினால், “ஊர் பாக்க என் தலைத்துண்டை உருவினவதானே நீ” என்பார். நான் அடுப்பங்கரையில் பாத்திரத்தை எடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டு இருப்பேன்.

சில மாசம் போனது. மூக்கின் நுனியில் கறுப்பாக என்னவோ தெரிந்தது. அழுக்கு என்று நினைத்தேன். முடி! அவருக்கு நெற்றி சின்னது, வெட்டி எடுத்த தோலில் தலைமுடி வளர்கிற இடமும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டிருக்கிறது. அது மூக்கில் உட்கார்ந்துகொண்டு தன் வேலையைப் பார்த்தது. பிற்காலத்தில் முன்தலை வழுக்கை விழுந்தபோது மூக்கும் கூடவே வழுக்கையாகிவிட்டது, அது வேறு கதை. அப்போது நல்ல வயசு. நாலு நாளில் குச்சி குச்சியாக நின்றது. முடி வெட்டுகிறவரிடம் போனால் சாயங்காலத்துக்குள் டீக்கடை முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒரு மத்தியானம் வயலிலிருந்து வந்தார். வாசலில் நின்றார். உள்ளே வந்தார். மறுபடி வாசலுக்குப் போனார். நான் தைத்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையில் இருந்த முண்டாசைத் தானே அவிழ்த்தார். மடிக்காமல் அப்படியே என் மடியில் வைத்தார்.

“வெட்டு” என்றார்.

வெட்டுவதற்கு முன்னால் என் விரல் தானாகப் போய் நுனியை அழுத்தியது.

“என்ன, வருதா?”

“வருது” என்றேன்.